சினையாட்டுக்குக் கருவாடு

எங்கள் வீட்டுக் கொல்லையின் கூரைத் தூணில் மற்றொருவருடைய கயிறு ஓராண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தெருமுனையில் கறிக்கடை வைத்திருந்தவர் அதை விட்டுச் சென்றிருந்தார். தாம் வாங்க எண்ணிய ஆடு நிற்கும் வீட்டில் தம் கயிற்றை மாட்டிவிட்டுப் போவது அவர் வழக்கம். அந்தக் கயிற்றைக் கண்ட வேறு வணிகர் எவரும் அங்கே விலை பேசமாட்டார். துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் அதன் நுனி என் தோளில் உரசியது. கழற்றி எறிந்திருக்கலாம். எறிந்தால், அஞ்சுகிறேன் என்பதை நானே ஒப்புக்கொண்டதாகும் என்று கருதி விட்டுவைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருவொற்றியூரில் காலடிப்பேட்டையில் குடியிருந்தோம். இராயபுரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியை. என் கணவர் துறைமுகத்தில், கப்பலேறும் மூட்டைகளைச் சரிபார்த்துக் குறிக்கும் எழுத்தர். அவருடைய தமக்கையார் இளமையிலேயே கணவரை இழந்து எங்களோடு வாழ்ந்தார். சமையலறையும் பூசையறையும் அவருடைய ஆட்சியில் இருந்தன. வெள்ளிக்கிழமைகளில் வெங்காயத்தையும் விலக்கும் சைவ வீடு எங்களுடையது.

ஆடு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் மகள் குழந்தையாக இருந்தபோது குடற்காய்ச்சலில் விழுந்து எழுந்தாள். எழுந்த பிறகு மாட்டுப்பால் அவள் வயிற்றில் தங்கவில்லை. ஆட்டுப்பால் தங்கியது. கரிய உடலும் தொங்கும் நீண்ட காதுகளும் கொண்ட அந்தத் தலைச்சேரி ஆட்டின் பாலைக் குடித்தே அவள் மறுபடி நடக்கத் தொடங்கினாள். அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. பொருத்தமான சொல் அகப்படும்வரை பொறுக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் ‘ஆடு’ என்று அழைத்தாலே திரும்பிப் பார்க்க அது பழகிவிட்டது.

இரண்டாம் ஈற்றின்போது அது செத்துப் பிழைத்தது. சினை முற்றிய ஆட்டுக்குத் தீனியைக் குறைக்க வேண்டும், நிறையத் தின்றால் குட்டி பெருத்து வெளியே வராது என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. நானும் அதையே பின்பற்றி, வடித்த கஞ்சியும் காய்கறித் தோலுமாக நாளை ஓட்டினேன். ஈனும் நாள் நெருங்கியபோது ஆடு தீனியை முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. பற்களை நறநறவென்று கடித்தபடி ஒரு மூலையில் நின்றது. பிறகு படுத்தது, எழவில்லை. கால்நடை மருத்துவர் வந்து வெல்லப்பாகு புகட்டி ஊசி போட்டுத் தாயைக் காப்பாற்றினார். இரண்டு குட்டிகளும் இறந்தே பிறந்தன. அந்த ஆண்டு ஒரு சொட்டுப் பாலும் இல்லை.

“உள்ளே ரெண்டு வளருதும்மா,” என்றார் மருத்துவர், கைகளைக் கழுவிக்கொண்டே. “குட்டிங்க இடத்தை அடைச்சுக்கிட்டா இரைப்பைக்கு இடம் ஏது? கொஞ்சமாத்தான் தின்ன முடியும். அந்தக் கொஞ்சத்துக்குள்ள சத்து அத்தனையும் இருக்கணும். நீங்க போட்டது வெறும் கஞ்சி. அடுத்த தடவை கடலைப் பிண்ணாக்கு போடுங்க.”

கறிக்கடைக்காரர் அதற்கடுத்த வாரம் வந்தார். ஆட்டின் முதுகெலும்பை இரு விரலால் நெருடிப் பார்த்தார்.

“இனிமே இது தேறாது டீச்சரம்மா. சொம்மா கட்டி வெச்சு தீனி போட்டுகினு கீறீங்கோ. நம்ப கைல குட்த்துட்டு வேற ஒண்ணு வாங்குங்கோ.”

“கொடுக்கறதா இல்லைங்க.”

“இப்ப வாணாம். மனசு மார்னா சொல்லுங்கோ. கயிறு இங்கியே கெடக்கட்டும். அது ஒண்ணும் சோறு கேக்காது.”

அடுத்த கார்த்திகையில் ஆடு மறுபடி சினைப்பட்டது. என் கணவர் இரக்கமற்றவர் அல்லர். ஆயினும் சென்ற ஆண்டு அது படுத்துக் கிடந்த கோலத்தை அவரால் மறக்க இயலவில்லை. “இந்தத் தடவையும் படுத்துதுன்னா அந்த ஆளைக் கூப்பிட்டுடலாம். வாயில்லாத சீவனை வருஷா வருஷம் இப்படி வதைக்க முடியாது,” என்றார். அவர் கூறியதில் நியாயம் இருந்தது. நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட கணம் முதல், அது சித்திரையில் நின்ற காலில் நின்று ஈன வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கில்லை.

முதல் தடை பிண்ணாக்கே. அக்காலத்தில் கடலைப் பிண்ணாக்கு கடைகளிலிருந்து மறைந்துகொண்டிருந்தது. எங்கே போகிறது என்பது எங்கள் வீட்டில் எல்லார்க்கும் தெரியும். அதைக் கப்பலில் ஏற்றுவதைப் பார்த்து எழுதுபவரே மாலையில் எங்களோடு அமர்ந்து உண்டார்.

“உன் ஆட்டோட சாப்பாடு இன்னிக்கும் கப்பல் ஏறிச்சு,” என்பார், சட்டையைக் கழற்றியவாறு. “வெள்ளைக்காரன் ஊர் மாடு ஒவ்வொண்ணும் நம்ம ஊர்க் கடலையைத் தின்னு கொழுத்துக் கிடக்கும் போல இருக்கு.”

“வழியில ஒரு மூட்டையாவது கிழியாதா?” என்று தமக்கையார் கேட்பார்.

“கிழியும். கிழிஞ்சதைக் கூட்டி வாயிலுக்கு வெளியே விக்கறாங்க. மண்ணு பாதி, பூஞ்சை பாதி.”

பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைச் சினையாட்டுக்குக் காட்டவே கூடாது என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். எள்ளுப் பிண்ணாக்கைக் கேட்டால் கடைக்காரர் சிரித்தார். துவரையை உடைக்கும்போது மிஞ்சும் துவரம் பொட்டு கிடைத்தது. அதைத் தவிட்டோடும் கம்போடும் பிசைந்து வைத்தேன். ஆடு விரும்பித் தின்றது. ஆனால் வயிறு மட்டும் பருத்தது. இடுப்பெலும்புகள் கூரையைத் தாங்கும் கழிகளைப் போல நீட்டிக்கொண்டே இருந்தன. அகத்தி ஒன்று நட்டேன். எங்கள் கொல்லை மண்ணின் உப்பு அதை ஒரு முழத்துக்கு மேல் எழவிடவில்லை.

மாசி மாதத்தில் ஒரு மாலை, பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் பேருந்து காசிமேட்டருகே பழுதாகி நின்றது. இறங்கி நின்றேன். கடற்கரை ஓரமாகப் பாய்களை விரித்து மீன் உலர்த்தியிருந்தார்கள். மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு கடலைப் பார்க்க முயன்ற எனக்கு, கடலுக்கு முன்னால் ஓர் ஆடு தெரிந்தது. கொழுத்த, மயிர் பளபளக்கும் ஆடு. மடி நிறைந்து தொடைகளுக்கிடையே பிதுங்கியிருந்தது. இரண்டு குட்டிகள் பின்னால் துள்ளி வந்தன. அது பாயருகே வந்து, சுற்றிலும் ஒரு முறை பார்த்து, ஒரு வாய் நெத்திலியை அள்ளி அமைதியாக மென்றது.

ஒரு பெண் கைப்பிடி மணலை வாரி அதன்மேல் வீசினாள். “தோ பார்றா, மறுபடி வந்துட்ச்சு. திருட்டுக் கய்த. ஒன் வூட்ல புல்லு இல்ல?”

ஆடு இரண்டடி விலகி நின்று மென்று முடித்தது.

அந்தப் பெண் என் மாணவி ஒருத்தியின் தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதாகோயில் பூசைக்குப் போகும்போது வெளுத்த சேலையும் முக்காடுமாகப் பார்த்திருக்கிறேன். மீனுக்கும் மணலுக்கும் நடுவே அவரை அடையாளம் காணச் சிறிது நேரமாயிற்று. அவரோ என்னை உடனே அறிந்துகொண்டார்.

“இன்னா டீச்சரம்மா, நீங்க போயி இந்த நாத்தத்துல நின்னுகினு.”

“அந்த ஆடு எப்பவும் மீன் தின்னுமா?”

“அத்த ஏன் கேக்கறீங்கோ, பேஜாரு. இந்தப் பக்கத்து ஆடுங்க அல்லாமே திருட்டு ஆடுங்கதான். ஒண்ணொண்ணும் ரெண்டு குட்டி போடுது, மூணு குட்டி போடுது. அல்லாம் என் மீனுதான்.”

அவர் அதைக் குறையாகக் கூறினார். எனக்கோ, பேருந்தைச் செப்பனிட்டு ஓட்டுநர் ஒலிப்பானை அடித்தது கூடக் காதில் விழவில்லை. புல்லையும் தழையையும் மட்டுமே தின்னும் என்று நான் எண்ணியிருந்த விலங்கு, யாரும் கற்பிக்காமலே, தன் குட்டிகளுக்கு வேண்டியதைக் கடலோரத்துப் பாயில் தேடிக்கொண்டிருந்தது. பிண்ணாக்கு கப்பலேறிப் போனால் போகட்டும். மீன் படகிலிருந்து இறங்குகிறது என்று எண்ணியபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டில் கூறினேன். கணவர் தமக்கையாரைப் பார்த்தார். தமக்கையார் பேசினார்.

“நம்ம வீட்டுல கருவாடா?”

“நமக்கில்லை அக்கா. ஆட்டுக்கு.”

“ஆடு எங்கே நிக்குது? நம்ம வீட்டுலதானே.”

 மறுநாள் காலையில் காப்பி கொடுக்கும்போது தம் தீர்ப்பை வழங்கினார்: கருவாடு கொல்லைக் கதவைத் தாண்டி உள்ளே வரலாகாது, அதற்கெனத் தனிச் சட்டி, தனி அடுப்பு, தனிக் கரண்டி, தொட்டவள் தலை முழுகாமல் சமையலறைக்குள் நுழையலாகாது. “அந்த ஆட்டுப்பால்தான் பொண்ணைப் பொழைக்க வெச்சுது. அதுக்காக விடறேன்,” என்று முடித்தார். நான் எதிர்பார்த்ததைவிட அது பெரிய சலுகை.

ஆனால் நான் ஒரு தவறு செய்தேன். என்னைப் போன்று வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. அயிலை, வாளை, வரால், சுறா, இறால் என்று பழந்தமிழில் மீனுக்கு வழங்கும் பெயர்களை வகுப்பில் மூச்சுவிடாமல் கூறுவேன். அவற்றில் ஒன்றையும் கையால் தொட்டதில்லை. மாணவியின் தாயிடம் போய்க் கேட்கக் கூச்சம். எனவே யாரும் அறியாத சந்தை ஒன்றுக்குப் போய், முகத்தை மறைத்துக்கொண்டு, கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த கருவாட்டை வாங்கிவந்தேன். வெள்ளைப் படலம் பூத்து அழகாக இருந்தது. அந்த வெண்மை என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. இடித்துத் தவிட்டில் கலந்து வைத்தேன்.

ஆடு பாய்ந்து தின்றது. வெற்றி என்று மகிழ்ந்தேன். பிறகு அது தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்தது; எடுக்கவில்லை. தொட்டியை மறுபடி நிரப்பினேன், அதையும் குடித்தது. மறுநாள் காலையில் வயிறு இளகிக் கழிந்து, காதுகள் தொங்க, சென்ற ஆண்டு நின்ற அதே மூலையில் நின்றது.

கறிக்கடைக்காரர் அன்றைக்கென்று பார்த்து வந்தார். கொல்லைக் கதவருகே நின்று மோப்பம் பிடித்தார்.

“டீச்சரம்மா, எங்க கச்சிக்கு எப்ப வந்தீங்கோ? தெரு முச்சூடும் வாசன அட்ச்சுகினு கீது.”

“ஆட்டுக்கு வாங்கினது.”

அவர் என்னைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், தூணில் தம் கயிறு இருக்கிறதா என்று பார்த்தார். “நல்லது. அப்டியே கொஞ்சம் மொளகாய்த்தூளும் போட்டு வெச்சீங்கன்னா எனக்கு வேல மிச்சம்,” என்று கூறிவிட்டுப் போனார்.

கூச்சத்தை விட்டு அன்று மாலையே காசிமேட்டுக்குப் போனேன். மாணவியின் தாய் நான் சொன்னதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துப் பாய்க்காரியையும் அழைத்து மறுபடி சொல்லச் சொன்னார்.

“உப்புக் கருவாட்ட வாங்கி ஆட்டுக்குப் போட்டீங்களா? அய்ய, அது மன்சன் துண்றதுமா. கொளம்பு வெக்கறது. இந்தாண்ட பாருங்கோ.” வேறொரு பாயைக் காட்டினார். சிறிய பொடிமீன்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல், வெயிலில் முறுகிக் கிடந்தன. “இது உப்பு போடாதது. வலையில வர்ற கயிவு மீனு. கோயிக்குத் தீனியாப் போடுவாங்கோ, தென்னைக்கு எருவாப் போடுவாங்கோ. ஆட்டுக்குப் போட்டு நான் பாத்ததில்ல. ஆனா திருடித் துண்றதும் இத்ததான்.”

“இதையே கொடுங்க.”

“மண்ணு இருக்கும், சலிச்சுக்கோங்கோ. ஒண்ணு சொல்றேன் டீச்சரம்மா, துண்ணலன்னா என்னாண்ட சண்டைக்கு வரக்கூடாது.”

அவர் ஐயுற்றது சரியாகவே இருந்தது. வயிறு தேறிய பிறகு, சலித்து, கொல்லை அடுப்பில் வாட்டி, பொடியாக்கிக் கலந்து வைத்தேன். உப்பின் கவர்ச்சி இல்லாத மீனை எங்கள் ஆடு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தவிட்டை ஊதி ஊதி மீன்பொடியை ஒதுக்கியது. காசிமேட்டு ஆடு குட்டிப் பருவத்திலிருந்தே அந்த மணத்தில் வளர்ந்தது. எங்களுடையதோ சாம்பிராணிப் புகைக்கும் கீரைத் தண்டுக்கும் பழகிய ஆடு. அது என்னைப் பார்த்த பார்வையில் தமக்கையாரின் சாயல் இருந்தது.

வழி பள்ளியில் கிடைத்தது. எங்கள் பள்ளி முற்றத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். பங்குனி வெயிலில் அதன் கரிய காய்கள் உதிர்ந்து கிடக்கும். மிதித்தால் செருப்பில் புளியைப் போல ஒட்டும். தேர்வறைக் கண்காணிப்பை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, என் செருப்பில் ஒட்டியிருந்த காயைக் குச்சியால் சுரண்டினேன். அதன் உள்ளே வெல்லப்பாகு போன்ற சதை. அதில் இனிய மணம். பள்ளிக்குக் குடிநீர் கொண்டுவருபவரின் வெள்ளாடுகள் சுற்றுச்சுவரைத் தாண்டி வந்து இதற்காகவே சண்டையிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கைப்பை நிறையப் பொறுக்கி எடுத்தேன். எங்கள் தலைமையாசிரியை சாளரம் வழியே பார்த்தார்; மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

விதையோடு தின்றால் விதை அப்படியே வெளியேறும் என்பதால், காய்ந்த காய்களை உரலில் இட்டு விதையும் நொறுங்க இடித்தேன். சிட்டிகை அளவு மீன்பொடியை அந்தப் பாகான தூளில் புதைத்துத் தவிட்டோடும் கம்போடும் உருட்டி வைத்தேன். ஆடு முகர்ந்தது. ஊதியது. நாக்கை நீட்டித் தொட்டது. பிறகு உருண்டை போன இடம் தெரியவில்லை. சட்டியின் அடியையும் நக்கிவிட்டு என் கையைத் தேடியது. நான் கொல்லைப் படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரித்தேன்.

ஒவ்வொரு வாரமும் பொடியைச் சற்றே கூட்டி, ஒரு கைப்பிடியில் நிறுத்தினேன். ஒரே வேளையாக வைக்காமல் சிறு சிறு பங்காக வைத்தேன். சுருங்கிய இரைப்பைக்கு அதுவே ஏற்றது என்று மருத்துவரின் சொல்லிலிருந்து நானே உய்த்துணர்ந்தேன். துவரம் பொட்டு தொடர்ந்தது. பள்ளி முற்றத்துக் காய்களை மாணவிகள் முந்தானைகளில் கட்டிக்கொண்டுவந்து என் மேசையடியில் கொட்டினார்கள்.

மாற்றம் மயிரில் தொடங்கியது. பழுப்பேறிச் சிலிர்த்து நின்ற மயிர் படிந்து கறுத்தது. பிறகு இடுப்பெலும்புகளின் மேல் சதை பற்றியது. வயிறு இருபுறமும் பெருத்து, நடக்கும்போது படகைப் போல ஆடியது. எனினும் அது நடந்தது. சென்ற ஆண்டு இந்த நாள்களில் தீனியை வெறுத்த விலங்கு, இந்த ஆண்டு என் காலடி ஓசை கேட்டதும் கட்டுத்தறியை இழுத்தது.

கறிக்கடைக்காரர் மறுபடி வந்தார். இம்முறை இரு விரலால் முதுகை நெருடியவர், கையை எடுக்காமல் நெடுநேரம் வைத்திருந்தார்.

“சோக்காதான் கீது,” என்றார் கடைசியில். “ஆனா ஒண்ணு. போன தபாவும் கடைசி வாரத்துலதான் கவுந்துச்சு. இப்ப கவுந்தா எனக்குத்தான் லாபம். வெய்ட்டு ஏறிகினு கீதே.”

அவர் போன பின் அந்தச் சொல் என்னைவிட்டுப் போகவில்லை. அவர் கூறியது பொய்யன்று. நான் கொழுக்க வைத்தது யாருக்காக என்பது இனிமேல்தான் தெரியும். அந்தக் கடைசி வாரத்தில் காலை எழுந்ததும் முதலில் கொல்லைக் கதவைத் திறந்தேன். ஆடு நிற்கிறதா, படுத்திருந்தால் என்னைக் கண்டு எழுகிறதா, பற்களைக் கடிக்கும் ஒலி கேட்கிறதா என்பவற்றைப் பார்த்த பிறகே பல் துலக்கினேன். கணவரும் அலுவலகம் புறப்படும்போது, வேறு எதற்கோ வருபவரைப் போலக் கொல்லைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பள்ளி விடுமுறை விட்டிருந்தது. சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில், முற்பகலில், ஆடு தன் காலைப் பங்கை முழுதும் தின்று முடித்துவிட்டு மண்ணைக் குளம்பால் கீறத் தொடங்கியது. வாலடித் தசைநார்கள் தளர்ந்திருந்தன; மடி கல்லைப் போல இறுகியிருந்தது. சுற்றிச் சுற்றி வந்தது, நின்றது, மெல்லிய குரலில் ஏதோ பேசியது. படுத்தபோது என் பார்வை தூணிலிருந்த கயிற்றுக்குப் போயிற்று. முக்கியது, உடனே எழுந்து நின்றது. நின்றபடியே முதற்குட்டியை ஈன்றது. நான் விரித்த கோணியில் அது வந்து விழுந்து, தும்மி, காதை ஆட்டியது.

“உசிரு இருக்கா?” என்று கதவுக்குப் பின்னாலிருந்து தமக்கையார் கேட்டார்.

“இருக்கு அக்கா.”

இரண்டாவது சிறிது நேரத்தில் வந்தது; முதலதைவிடப் பெரிது; வந்தவுடன் எழ முயன்று மூக்கில் விழுந்தது. ஆடு இரண்டையும் மாறி மாறி நக்கியது. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. என் கணவர்தான், “இன்னும் வயிறு அடங்கலையே,” என்றார். அவர் கூறி முடிப்பதற்குள் மூன்றாவது வந்தது. சிறியது, அசையவில்லை. அதன் வாயையும் மூக்கையும் விரலால் துடைத்து, பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, வைக்கோலால் விலாவைத் தேய்த்தேன். நான் தேய்க்கும் வேகத்தைக் கண்டு, தீட்டையும் கருவாட்டையும் மறந்து, தமக்கையார் கொல்லைக்குள் இறங்கி வந்து உட்கார்ந்தார். “என்கிட்ட கொடு. நீ கையைத் தளரவிடறே,” என்று வாங்கித் தம் சேலை முனையால் தேய்த்தார். குட்டி இருமியது. பிறகு, தன் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெருங்குரலில் கத்தியது.

தாய் தலையைத் திருப்பி அதற்கு விடை கூறியது. மூன்று குட்டிகள், மூன்றும் உயிரோடு. தாய் நான்கு காலில் நின்றுகொண்டிருந்தது. வெல்லம் கரைத்த வெதுவெதுப்பான நீரை வைத்தேன், குடித்தது. பொழுது சாய்வதற்குள் நஞ்சுக்கொடியும் முறையாக விழுந்தது. என் கணவர் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார், கண்கள் சிவந்திருந்தன.

குட்டிகள் வயிறாரக் குடித்த பிறகும் மடியில் பால் கட்டி நின்றது. மஞ்சள் நிறத்துச் சீம்பாலைக் கறந்து, வெல்லமும் ஏலமும் சேர்த்து வேகவைத்து, எதிர்வீடுகளுக்குக் கொடுப்பது எங்கள் தெரு வழக்கம். அதற்குமுன் ஒன்றை நான் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தமக்கையார் அந்தப் பாலைப் பருகுவாரா என்பதை நான் ஒரு முறையும் கேட்டதில்லை. கிண்ணத்தை அவர் முன் வைத்துவிட்டுக் கூறினேன்: “அக்கா, இது ஒரு மாசத்துக்கு மேல மீன் தின்ன ஆட்டோட பால். தெரிஞ்சுதான் சாப்பிடணும்.”

அவர் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஒரு கரண்டி எடுத்து உண்டார். எங்கள் கண்கள் எல்லாம் அவர் வாயின்மேல் இருந்தன.

“ஆடு தின்னது ஆட்டோட வயித்துக்கு. எனக்கு வந்தது பால். அவ புல்லைத் தின்னப்போ நான் புல்லா தின்னேன்?” என்றார். மீண்டும் ஒரு கரண்டி எடுத்தார். “ஏலம் குறைச்சல்.”

முதற்பங்கைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு நானே காசிமேட்டுக்குப் போனேன். மாணவியின் தாய் பாயை விட்டு எழுந்து வந்து, சேலையில் கை துடைத்து வாங்கிக்கொண்டார். “மெய்யாலுமே மூணா?” என்றார். பக்கத்துப் பாய்க்காரியை அழைத்தார். “கேட்டியாடி, நம்ப கயிவு மீனுக்கு மூணு குட்டி.” அன்று முதல் அந்தப் பக்கத்து ஆடுகளை அவர் மணல் வீசி விரட்டினாரா என்பது எனக்குத் தெரியாது, விரட்டியிருப்பார்.

ஈன்ற பின்னும் மீன்பொடியை நிறுத்தவில்லை. பாலில் வாடை ஏறாமலிருக்க, கறந்து முடித்த பிறகே அந்தப் பங்கை வைத்தேன். பொடிச் சட்டியைக் கறவை இடத்திலிருந்து தொலைவில் வைத்தேன். மூன்று குட்டிகளுக்கும் ஊட்டிய பின் எங்கள் வீட்டுக்கும், பிள்ளை நோயுற்ற இரண்டொரு வீடுகளுக்கும் பால் இருந்தது. என் மகள் தினமும் ஒரு குவளை குடித்தாள். வாடை என்று ஏதும் கூறவில்லை. வாடை இருந்தால் முதலில் கூறுபவள் அவளே.

கறிக்கடைக்காரர் வைகாசியில் வந்தார். அதுவரை வராதது எனக்கு வியப்பாகவே இருந்தது. கொல்லைக் கதவருகே நின்று, துள்ளும் குட்டிகளையும், அவற்றை முட்டித் தள்ளியபடி அசைபோடும் தாயையும் நெடுநேரம் பார்த்தார். முதுகைத் தொடவில்லை.

“பொட்டக் குட்டி எத்தினி?”

“ரெண்டு.”

“ஒண்ணு எனக்குக் குடுங்கோ டீச்சரம்மா.” என் முகம் மாறியதைக் கண்டு அவசரமாகத் தொடர்ந்தார். “வெட்றதுக்கு இல்லமா. வூட்ல வளக்க. எங்க வூட்டுக்காரி ஒரு மாசமா கொடஞ்சுகினு கீறா, டீச்சர் வூட்டு ஆடு மாறி ஒண்ணு வேணும்னு.”

 அவர் பார்வை தூணுக்குப் போயிற்று. அங்கே கயிறு இல்லை. பிறகு குட்டிகளின் கழுத்துக்குப் போயிற்று. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சிறு துண்டுக் கயிறு. மூன்றும் ஒரே தேங்காய் நார், ஒரே முறுக்கு.

“இது என் கயிறாச்சே,” என்றார்.

“உங்களதுதான். சோறு கேக்காதுன்னு சொன்னீங்க. சும்மா தொங்கறதேன்னு வேலைக்கு எடுத்துக்கிட்டேன்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஓராண்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுவே முதல் முறை.

“பால் மறந்த பிறகு வந்து ஓட்டிக்கிட்டுப் போங்க,” என்றேன். “ஆனா அது சினையானா கஞ்சி ஊத்தி வளர்க்கக் கூடாது. நான் சொல்றதைத்தான் போடணும்.”

“இன்னா போடணும்?”

கொல்லைப் படியில் உட்காரச் சொன்னேன். கம்பும் தவிடும் எவ்வளவு, தூங்குமூஞ்சிக் காயை விதை நொறுங்க இடிப்பது எப்படி, பங்கைப் பிரித்து வைப்பது எதற்கு என்று வரிசையாக விளக்கினேன். பிறந்தது முதல் மீனை நாவில் வைத்தறியாத நான், பிறந்தது முதல் இறைச்சியோடு வாழ்ந்த அவருக்கு, காசிமேட்டில் எந்தப் பக்கத்துப் பாயில் கேட்க வேண்டும் என்பதையும் கூறினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக்கொண்டார்.

“வெள்ளையாப் பூத்திருந்தா வாங்காதீங்க,” என்றேன். “அது உப்பு.”